என் வீட்டுக்கு எதிராக ஒரு வாக்குமூலம்

என் தங்கை அமெரிக்காவில் டாக்டர் என்று எங்கள் அம்மா போடி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அது முக்கால்வாசி உண்மை. அவள் டாக்டர்தான், இருப்பதும் அமெரிக்காவில்தான். ஆனால் அங்கே அவள் ஒரு நோயாளியின் நாடியைக்கூடத் தொட்டதில்லை. எலிகளின் கல்லீரலை எடுத்து ஆராய்ச்சி செய்கிறாள். இதை ஒரு நாள் அம்மாவுக்குப் பொறுமையாக விளக்கினேன். "எலிக்கு வைத்தியம் பாக்கவா மதுரையில அம்புட்டு வருசம் படிச்சா?" என்று கேட்டுவிட்டு, மறுநாளும் பழையபடியே சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஏலக்காய் வியாபாரம். மலையில் விளைந்து அங்கேயே உலர்ந்து வருகிற காயை ஏலத்தில் எடுத்து, சுத்தம் செய்து, சலித்து, ரகம் பிரித்து வடக்கே அனுப்புகிறேன். கீழே குடோன், மேலே வீடு. எங்கள் தெருவில் பல பேருக்கு அப்படித்தான். படித்தது பி.காம்., ஆனால் எதையும் நோண்டிப் பார்க்காமல் விடமாட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மடியில் இருக்கும் பார்சலுக்குள் என்ன என்று தெரியாமல் இறங்கிப்போக எனக்கு மனசு வராது. கோபமும் அதே அளவுக்கு வரும். இப்படிப்பட்ட ஆளிடம்தான் என் தங்கையின் விசா விவகாரம் வந்து சேர்ந்தது.

ஒரு நாள் காலையில் ஏலத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, ஒரு சிக்கல்ணே. இந்த வேல முடிஞ்சதும் நான் ரெண்டு வருசம் இந்தியாவுல வந்து இருக்கணுமாம்."

"இதுல என்னத்தா சிக்கல்? வா. இருந்துட்டுப் போ."

பிறகுதான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

அவள் போனது பரிமாற்ற விசா என்ற வகையில். வெளிநாட்டு டாக்டர்கள் அங்கே வந்து ஆராய்ச்சி செய்யலாம், கற்றுக்கொள்ளலாம். கற்றதைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அதனால் முடிந்ததும் சொந்த நாட்டில் இரண்டு வருஷம் இருந்தாக வேண்டும். அதுவரை அந்த நாட்டில் வேலைக்கான விசாவோ நிரந்தரமாகத் தங்கும் அனுமதியோ கிடையாது. விதி எல்லோருக்கும் இல்லை. இவளுக்குச் சம்பளம் வந்தது அந்த நாட்டு அரசாங்கத்தின் பணத்திலிருந்து என்பதால் இவளைப் பிடித்துக்கொண்டது. போகும்போது கையெழுத்துப் போட்ட காகிதத்திலேயே இது இருந்ததாம். விசா கிடைத்த சந்தோஷத்தில் யார் அதையெல்லாம் படிக்கிறார்கள்!

அவள் கணவர் அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார். நிரந்தர அனுமதிக்கு வரிசையில் நிற்பவர். வேலையை விட்டு வந்தால் வரிசையும் போச்சு. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை, அங்கேயே பிறந்தது. ஆக, குழந்தையை அப்பாவிடமிருந்து பிரித்துத் தூக்கிக்கொண்டு வர வேண்டும், அல்லது அப்பாவிடம் விட்டுவிட்டு இவள் மட்டும் வர வேண்டும். பாதியில் நிற்கும் ஆராய்ச்சி வேறு யார் கைக்காவது போய்விடும். "எத விட்டுட்டு வர்றதுன்னு நீயே சொல்லுண்ணே" என்று அழுதாள். என் தங்கை லேசில் அழுகிறவள் இல்லை. மெடிக்கல் சீட்டு முதல் தடவை கிடைக்காதபோதுகூட என்னிடம் சண்டைதான் போட்டாள்.

விதியிலிருந்து விலக்கு வாங்க வழி இருக்கிறது என்றாள். என்னென்ன வழி என்று துருவினேன். 'இவர் திரும்பி வராததில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று நம் அரசாங்கம் எழுதிக் கொடுப்பது ஒன்று. டாக்டர்களுக்கு அந்தச் சான்று லேசில் கிடைப்பதில்லை. நம் நாட்டுக்கு டாக்டர் வேண்டுமென்று நம் அரசாங்கம் நினைப்பதில் என்ன தப்பு என்று கேட்டேன். அவள் அடுத்த வழிக்குத் தாவிவிட்டாள். டாக்டர் இல்லாத அமெரிக்கக் கிராமங்களில் போய் வைத்தியம் பார்க்கிறேன் என்று ஒப்புக்கொள்வது இன்னொன்று. அது நோயாளி பார்க்கிறவர்களுக்கு. எலி பார்க்கிறவர்களுக்கு இல்லை. சொந்த ஊர் திரும்பினால் தன்னைக் கொடுமைப்படுத்துவார்கள் என்று நிரூபிப்பது வேறொன்று. "அம்மா நச்சரிக்கிறது கணக்குல வருமா?" என்று கேட்டேன். அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. இவள் ஊர் திரும்பினால் அந்த நாட்டுக் குடியுரிமை உள்ள கணவனுக்கோ குழந்தைக்கோ தாங்க முடியாத கஷ்டம் வரும் என்று காட்ட வேண்டும். அவள் வீட்டில் அங்கே பிறந்த குழந்தை மட்டும்தான் குடிமகள். பெரிய படிப்புப் படித்த அம்மாவும் அப்பாவும் அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை, டயப்பர் கட்டிக்கொண்டு திரிகிற வாண்டு தெரிகிறது. இது எனக்கு ரொம்ப விசித்திரமாக இருந்தது. அன்று ஏலத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து இதையே யோசித்துக்கொண்டிருந்து, எனக்கு வேண்டிய சரக்கு லாட்டைக் கோட்டைவிட்டேன்.

குழந்தை இந்தியா வந்தால் எங்கே இருக்கும், எப்படி இருக்கும் என்று அந்த வீட்டுக்காரர்களே எழுதித் தர வேண்டும் என்று அவளுடைய வக்கீலம்மா கேட்டிருந்தார். தாயைப் பிரிந்து குழந்தை அங்கேயே இருந்தால் வரும் கஷ்டத்தை அவரே எழுதிக்கொள்வாராம். இரண்டு வீடு. ஒன்று என்னுடையது. இன்னொன்று பக்கத்து ஊரான சிலமலையில் இருக்கும் அவள் மாமனார் வீடு. இரண்டு பேரும் எழுதினோம்.

நான் எழுதியதைக் கேளுங்கள். எங்கள் ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. கோடையிலும் சாயங்காலமானால் குளிர்ந்த காற்று இறங்கும். இப்போது மதுரைக்கு ரயில் இருக்கிறது. நினைத்தால் காரில் ஏறிப் போடிமெட்டுக்குப் போய் மேகத்துக்குள் நின்றுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். என் மகள் தன் அறையைத் தன் அத்தை மகளுக்காக விட்டுக்கொடுத்திருக்கிறாள். அதற்கு வெள்ளையடித்து ஏசி மாட்டியாகிவிட்டது. நான் குழந்தைக்குத் தாய்மாமன். என் மருமகள் என் வீட்டில் ராணி மாதிரி இருப்பாள், அவளுக்கு ஒரு குறையும் வராது என்று உறுதி கூறுகிறேன். கூடவே அறையின் போட்டோக்களும் போயின. ஒரு போட்டோவில் ஏசிக்குக் கீழே அம்மா சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

அறை விஷயத்தில் நான் மிகைப்படுத்தவில்லை. எட்டு வயதான என் மகள் அன்றைக்கே தன் பொம்மைகளையும் புத்தகங்களையும் அள்ளிக்கொண்டு, தெருப்பக்கம் இருக்கும் கூடத்தில் என் அம்மாவின் கட்டிலுக்கு மாறிவிட்டாள்.

சிலமலை மாமா எனக்குச் சளைத்தவரா? பேத்திக்கென்றே இரண்டு கறவை மாடு வாங்கி வீட்டுச் சுவரை ஒட்டியே கட்டியிருப்பதாகவும், கட்டிலில் இருந்தபடியே குழந்தை மாட்டைத் தொட்டு விளையாடலாம் என்றும், பாக்கெட் பால் அதன் வாயில் படாது என்றும் எழுதியிருந்தார்.

தங்கையின் அடுத்த போனில் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம்.

"என்னண்ணே எழுதி வச்சிருக்கீங்க ரெண்டு பேரும்? நான் இங்கிலீசுல சொல்லச் சொல்ல வக்கீலம்மா, 'கேக்கும்போதே எனக்கே அங்க போய் இருக்கணும்போல இருக்கே'ங்குது. கஷ்டம்னு எழுதச் சொன்னா கல்யாணப் பத்திரிக மாதிரி எழுதியிருக்க."

"எங்க வீட்டுக்கு வந்தா ஒன் புள்ள கஷ்டப்படும்னு நான் எழுதணுமா? நான் தாய்மாமனா, யாரு?"

"கஷ்டம்னு காட்டலன்னா நான் இங்க இருக்க முடியாதுண்ணே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கஷ்டம் என்று எழுத வேண்டும் என்பது தெரிந்துதான் இருந்தது. ஆனால் பேனாவைக் கையில் எடுத்ததும் கை தன் பாட்டுக்குப் போய்விட்டது. தங்கை பிள்ளையை மடியில் உட்கார வைத்து மொட்டை போடவும் காது குத்தவும் உரிமை உள்ளவன், 'என் வீடு உனக்கு ஆகாது' என்று எழுத்தில் கொடுப்பதா? எங்கள் பக்கத்தில் அப்படி ஒருவன் வாயால் சொன்னாலே சம்பந்தம் முறிந்துவிடும்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். குழந்தைக்கு வீசிங் இருக்கிறது. கைக்குழந்தையிலிருந்தே. இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கிறார்கள். தூசி ஆகாது, மாட்டு ரோமம், நாய் ரோமம் ஆகாது என்று தோலில் குத்திப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

"எங்கிட்ட ஏன்த்தா சொல்லல?"

"அம்மாவுக்குத் தெரிஞ்சா அத அரச்சுக் குடு, இத அரச்சுக் குடுன்னு உசுர வாங்கும். ஒங்கிட்டச் சொன்னா நீ அன்னைக்கே அம்மாகிட்டச் சொல்லிருவ."

சொல்லித்தான் இருப்பேன். இருந்தாலும் மனசு வலித்தது. போனில் கன்னத்தை ஒட்டி எனக்கு முத்தம் கொடுக்கிற பிள்ளை மூச்சுக்குத் திணறியது எனக்குத் தெரியவே இல்லை.

மாமாவின் மாடுகள் வக்கீலம்மாவுக்கு ரொம்பவும் பிடித்துப்போய்விட்டன. மாட்டு ரோமம் ஆகாத குழந்தையின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மாடு கட்டியிருப்பதாகத் தாத்தாவே கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறார், இதைவிட வேறென்ன வேண்டும்? ஆக, சிலமலை வீடு அவருடைய பெருமையாலேயே தள்ளுபடி ஆயிற்று. இதை அவரிடம் இன்றுவரை யாரும் சொல்லவில்லை. மாடுகள் நன்றாகக் கறக்கின்றன.

மிச்சம் இருந்தது என் வீடு. வக்கீலம்மா தங்கை மூலமாகக் கேள்வி அனுப்பினார். அந்த ஊரில் பாம்பு உண்டா? சுத்தமான குடிநீர் உண்டா? கலவரம் நடக்குமா? நல்ல ஆஸ்பத்திரி இல்லை என்று எழுதலாமா? எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். எங்கள் ஊரிலும் தேனியிலும் இருக்கிற குழந்தை டாக்டர்கள் எத்தனை பிள்ளைகளைப் பிழைக்க வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஊரின் மேல் சேற்றை வாரி இறைத்துத்தான் தங்கைக்கு நல்லது நடக்க வேண்டுமென்றால் எனக்கு அது வேண்டாம்.

மறுநாள் தங்கையே பேசினாள்.

"பொய் எழுத வேணாம்ணே. இங்க நாங்க ஆராய்ச்சியில என்ன பாத்தோமோ அததான் எழுதுவோம். நீயும் போய்ப் பாரு. ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்லன்னே எழுது. நான் வந்து ரெண்டு வருசம் இருந்துட்டுப் போறேன்."

பார் என்று சொன்னால் போதுமே எனக்கு. அன்றிலிருந்து எனக்கு அதே சோலியாகிவிட்டது. பிறந்து வளர்ந்த ஊரை முதல் தடவையாக வெளியூர்க்காரன் மாதிரி பார்த்தேன். ரோட்டில் புழுதி இருந்தது. எந்த ஊர் ரோட்டில் இல்லை? தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடியாக இருந்தது. காய் பறிக்கப் போகிற பெண்களோடு காலை ஜீப்பில் போடிமெட்டு ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்ததில், பக்கத்தில் இருந்த பெண், "என்னண்ணே, வாந்தி வருதா? முன்னாடி ஒக்காருறீகளா?" என்று கேட்டார். செடிகளுக்கு மருந்தடிக்கிற இடத்தில் வாடை தலையைச் சுற்றியது உண்மை. காய் உலர்த்துகிற ஸ்டோரில் விறகுப் புகை கண்ணைக் கரித்ததும் உண்மை. ஆனால் குழந்தை இருக்கப்போவது மலையில் இல்லையே. கீழே என் வீட்டில்தானே.

ஊர் தப்பித்துவிட்டது என்ற சந்தோஷத்தோடு தங்கையைக் கூப்பிட்டேன்.

"நல்லாப் பாத்துட்டேன்த்தா. நம்ம ஊருக்கு ஒரு கொறையும் இல்ல."

"சரிண்ணே. வீட்டப் பாத்தியா?"

"வீட்டுல என்ன பாக்க?"

"கீழ மிஷின் இப்பவும் ஓடுதா?"

ஓடுகிறது. காய்ந்த காயை உரசி, காம்பையும் தூசியையும் பிரிக்கிற மிஷின் அது. அப்பா காலத்து மிஷினை எடுத்துவிட்டுப் பெரிதாக ஒன்று போட்டிருக்கிறேன். சீசனில் பொழுதெல்லாம் ஓடும்.

"நான் சின்னதுல சளி ஒடம்பா இருந்தேன்ல? மதுர ஹாஸ்டலுக்குப் போன பெறகு எனக்குச் சளியே வரலண்ணே. லீவுக்கு வந்தா மறுபடி வரும். ஊர்த் தண்ணி ஒத்துக்கலன்னு அம்மா சொல்லும். நம்ம வீட்டுல எல்லாரும் செருமிக்கிட்டேதான எந்திரிப்போம், ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் என்ன ஞாபகம்? அன்று காலையிலும் செருமிக்கொண்டுதான் எழுந்தேன். காலை என்றால் அந்தச் சத்தம் இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதை யாரும் கேள்வியாகக் கேட்டதில்லை.

வீட்டில் தூசி எவ்வளவு என்று பார்க்க அவள் ஒரு வேலை சொன்னாள். பழைய வெள்ளை வேட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, வீட்டில் இடத்துக்கு ஒன்றாகக் கட்டினேன். தெருப்பக்கக் கூடத்தில் ஒன்று. சமையற்கட்டில் ஒன்று. மருமகளுக்காக வெள்ளையடித்த பின்பக்க அறையில் ஒன்று. அந்த அறை சன்னலுக்கு நேர் கீழேதான் மிஷின் இருக்கிறது. வழக்கம்போல மிஷின் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

"இதென்னங்க கோலம், வீடு முழுக்கக் கோவணத்தக் கட்டித் தொங்க விட்டிருக்கீங்க?" என்று மனைவி சிரித்தாள். விஷயத்தைச் சொன்னதும் இன்னும் சிரித்தாள். "குடோனுக்கு மேல குடியிருந்தா தூசி வராம பன்னீரா வரும்?"

சாயங்காலம் அவிழ்த்துப் பார்த்தேன். கூடத்துத் துணி லேசாக மங்கியிருந்தது. சமையற்கட்டுத் துணியில் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும். பின்பக்க அறைத் துணியை விரித்தபோது அது வெள்ளை வேட்டி என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பச்சையும் பழுப்புமாக ஒரு படலம். விரலால் தேய்த்தால் மாவு மாதிரி திரண்டது. மோந்து பார்த்தேன். நல்ல மணம். என் தொழிலின் மணம், பண்டிகைக்குப் பாயசம் வைக்கும்போது வருகிற மணம். தும்மினேன், தும்மிக்கொண்டே இருந்தேன்.

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். தேடிய பொருள் கிடைத்த சந்தோஷம். போட்டோ எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். ஏசியை ஓட விட்டு, சன்னலைச் சாத்தி மறுபடி கட்டிப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. ஏசியின் வலையைக் கழற்றினால் கம்பளி மாதிரி தூசி. ஞாயிற்றுக்கிழமை மிஷின் ஓடாதபோது கட்டச் சொன்னாள். துணி வெள்ளையாகவே இருந்தது. என்னை அறியாமலே நானும் ஆராய்ச்சிக்காரன் ஆகிவிட்டேன். குடோன் ஆட்கள் என்னைப் பார்த்தால், "அண்ணே, இன்னைக்குத் துணி கட்டலையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

எழுத உட்கார்ந்தபோதுதான் கை நின்றது. என் வீட்டின் மேலேயே நான் எழுதிக் கொடுக்கிற புகார் அது. சொந்தத் தங்கை பிள்ளைக்குக் கதவைச் சாத்துகிற காகிதம். அவர்கள் வரப்போகிறார்கள் என்று சுவருக்கு வெள்ளையடித்தவனும் நான்தான், வர வேண்டாம் என்று எழுதப்போகிறவனும் நான்தான். அவர்கள் வர வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. ஊருக்கு ஒரு டாக்டர், அம்மாவுக்கு மகள், வீட்டுக்கு இன்னொரு பிள்ளைச் சத்தம். இரண்டு வருஷம் என்றால் இரண்டு பொங்கல். எழுதாமலே இருந்துவிட்டால் அது எல்லாம் நடக்கும். ஆனால் அதற்கு அந்தப் பிள்ளையின் மூச்சை விலையாகக் கொடுக்க வேண்டும். எழுதிவிட்டேன்.

வேறு வீடு வாடகைக்குப் பிடிக்கலாமே என்று அந்த நாட்டு அதிகாரி கேட்பார், அதற்கும் பதில் எழுதுங்கள் என்றார் வக்கீலம்மா. அண்ணன் வீடு இருக்கும்போது தங்கை தனியாக வாடகை வீட்டில் இருந்தால் ஊரில் நான் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்று எழுதினேன். அது சட்டத்தில் செல்லாது என்று பதில் வந்தது. எங்கள் பக்கம் எந்தத் தெருவில் வீடு பார்த்தாலும் யாருடைய குடோனாவது பக்கத்தில் இருக்கும் என்று எழுதினேன். அது செல்லும் என்றார்கள். துணிகளின் போட்டோவை வரிசையாக ஒட்டினேன். கடைசியில், 'இது குழந்தை படுத்துத் தூங்கத் தகுந்த வீடு இல்லை, இங்கே வளரும் குழந்தையின் மூச்சு கெடும், இதை என் கண்ணால் பார்த்து எழுதுகிறேன்' என்று முடித்தேன். ஒரு வாத்தியார் அதை ஆங்கிலத்தில் ஆக்கிக் கொடுத்தார்.

முத்திரை குத்த வேண்டிய நோட்டரி வக்கீல் அதை முழுக்கப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"யார் மேலண்ணே கேசு?"

"என் மேலதான்."

"கட்சிக்காரரு?"

"அதுவும் நான்தான். வெரசாக் குத்துங்க, லோடு வந்து நிக்குது."

பிறகு காத்திருப்புதான். மாதங்கள் போயின. தங்கை ஊருக்கு லீவில் வருவதையும் நிறுத்திவிட்டாள். குழந்தைக்கு ஆகாது என்று எழுதிக் கொடுத்த ஊருக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு எப்படி வருவது? அம்மாவுக்குக் காரணம் தெரியாது. "மாப்ள விட மாட்டேங்குறாரு போல" என்று மாப்பிள்ளைமேல் பழி போட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. பின்பக்க அறை பூட்டியே கிடந்தது.

அந்த நாட்களில் எனக்கு ஒரே யோசனை. கடல் தாண்டி ஏதோ ஓர் ஆபீசில், ஏதோ ஒரு மேசையில் யாரோ என் வேட்டித் துணியின் போட்டோவை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆணா, பெண்ணா? டீ குடிப்பாரா, காப்பியா? அந்த டீயில் ஏலக்காய் போடுவாரா? போடியைப் பற்றி அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம் நான் எழுதியதுதான். மலையும் மேகமும் ரயிலும் அவருக்குத் தெரியாது. நான் எழுதிய அந்த முதல் காகிதத்தை வக்கீலம்மா அனுப்பாமல் தன்னிடமே வைத்துக்கொண்டார். இதை நினைத்தால் ஊரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருக்கும். அதே சமயம் அவர் நான் எழுதியதை நம்ப வேண்டுமே என்றும் இருக்கும்.

நம்பிவிட்டார்கள். ஒரு சாயங்காலம் தங்கை போனில் கத்தினாள், அங்கே விடிந்தும் விடியாத நேரம்.

"குடுத்துட்டாகண்ணே! இங்கயே இருக்கலாம்! ஒன் கடுதாசிதான் எல்லாத்துக்கும் மேலன்னு வக்கீலம்மா சொல்லுச்சு. தூசி பத்தி இவ்வளவு தெளிவா எந்த டாக்டரும் எழுதலையாம்."

எனக்குச் சந்தோஷமும் இருந்தது, அவர்கள் வரமாட்டார்கள் என்ற துக்கமும் இருந்தது. அம்மா விஷயத்தைத் தன் வழியில் புரிந்துகொண்டார். மகளை விட மனசில்லாமல் அமெரிக்கா பிடித்து வைத்துக்கொண்டது என்று சொல்லி, ஒரு தட்டு நிறைய அல்வாவோடு தெருவில் இறங்கிப் போனார்.

மனைவி என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அப்படி என்னதான் எழுதுனீங்க? ஒங்க தங்கச்சி அந்தக் குதி குதிக்குது. வாசிங்க, நானும் கேக்குறேன்."

வாத்தியாருக்குக் கொடுத்த தமிழ்க் காகிதம் பீரோவில் இருந்தது. எடுத்து வந்து, கொஞ்சம் பெருமையாகவே, மேடையில் பேசுகிற மாதிரி ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். துணி கட்டிய இடத்தில் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமைத் துணி வந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. தங்கை சொல்லி எழுதிய பகுதியில், அந்தத் தூசி சின்னப் பிள்ளைகளின் நெஞ்சில் போய் என்ன செய்யும் என்ற இடத்தில், கையை நீட்டி என்னை நிறுத்தி, மறுபடி ஒரு தடவை வாசிக்கச் சொன்னாள். கடைசி வரி வரை கேட்டாள்.

"இது அந்தப் புள்ளைக்கு மட்டும் எழுதுனதா?"

"அதுக்குத்தான வீசிங்கு."

"கொழந்த தூங்கத் தகுந்த வீடு இல்லன்னுதான எழுதியிருக்கீங்க. அமெரிக்காக் கொழந்தன்னு எழுதலையே."

பின்பக்கமிருந்து ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. அத்தை மகள் வரவில்லை என்றதும் என் மகள் பூட்டைத் திறந்து தன் அறைக்குக் குடியேறிக்கொண்டிருந்தாள். பொம்மைகளும் புத்தகங்களும் உள்ளே போய்விட்டிருந்தன. காற்று வரும் என்று கட்டிலைச் சன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்துக்கு மாறும் வரை, நாலைந்து வயதிலிருந்து அவள் அங்கேதான் தூங்கினாள்.

கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தேன். இதை நான் ஒரு அரசாங்கத்துக்கே நிரூபித்திருந்தேன், அவர்கள் ஒத்துக்கொண்டும் விட்டார்கள். பெற்ற பிள்ளை விஷயத்தில் அது என் புத்தியில் ஏறாமல் போனது எப்படி? எனக்கு அவமானமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. மகளை வெளியே வா என்று கூப்பிட்டேன். கீழே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. படியில் இறங்கிப் போய் அதை நிறுத்தினேன்.